வீட்டுக்குள் பாம்பு ஏன் வருகிறது? வாசல் விளக்கிலிருந்து ஒரு கணக்கு

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. காரணம் சோம்பல் பாதி, வீட்டில் நடந்த கொத்து வேலை பாதி. அந்தக் கொத்து வேலை ஏன் வந்தது என்பதுதான் இன்றைய குறிப்பு.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இந்தக் குறிப்பு வேறொரு பயத்தைப் பற்றியது.

போன ஐப்பசியில் விடாமல் மழை. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பாத்ரூம் போக எழுந்தேன். கரண்ட் இல்லை, கையில் செல்போன் டார்ச். அம்மா வழக்கம்போல நடையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது என்பார். அவர் தலைமாட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, சுவரை ஒட்டி, கறுப்பாக ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். கட்டுவிரியன்.

நான் அசையவில்லை. அது வெளியே போய், சார்ப்பில் அடுக்கியிருந்த விறகுக்குள் நுழைந்தது. அப்புறம்தான் அம்மாவை எழுப்பினேன். தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தோம், வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். விடிந்ததும் தெருவே வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த சில மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன், சிலதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். அதன் சுருக்கம் கீழே.

தெரு சொன்ன மருந்துகள்

என் நோட்டில் இருந்த பட்டியல் இது: வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டுவது, சிறியாநங்கைச் செடி வளர்ப்பது, பூண்டை அரைத்துத் தண்ணீரில் கலந்து தெளிப்பது, மூலைக்கு மூலை அந்துருண்டை போடுவது, பினாயில், மண்ணெண்ணெய், கந்தகம், வீட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு, கார்பாலிக் அமிலம். பல்லிக்கு மயிலிறகும் முட்டை ஓடும்.

இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பாம்புக்குப் பிடிக்காத வாடையைப் போட்டால் அது வராது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம்பு வாடையை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்த்தால் இந்த நியாயம் நிற்காது.

பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது காற்றிலும் தரையிலும் இருக்கிற வாடைத் துணுக்குகளைப் பொறுக்கத்தான். மேல்வாயில் ஜேக்கப்சன் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. நாக்கு கொண்டுவருவதை அதுதான் இனம் பிரிக்கிறது. எலி போன தடம் எது, தவளை போன தடம் எது என்று அதற்கு இப்படித்தான் தெரிகிறது. வாசலில் பூண்டு வாடை அடித்தால் அந்த வாடையும் அதற்குத் தெரியும், அவ்வளவுதான். எலித் தடம் உள்ளே போகிறது என்றால் பூண்டைத் தாண்டி அதுவும் உள்ளே போகும். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனையும் கந்தகத்தையும் அமெரிக்காவில் பாம்புகளை வைத்தே சோதித்திருக்கிறார்கள். பாம்புகள் அவற்றின் மேலேயே ஊர்ந்து போயின. நம் ஊர் ஐப்பசி மழைக்கு எந்த வாடையும் ஒரு ராத்திரி தாங்காது என்பது வேறு.

பலன் இல்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை, சிலவற்றில் ஆபத்தே இருக்கிறது. கார்பாலிக் அமிலம் தோலில் பட்டால் வெந்துவிடும். அந்துருண்டையைக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டால் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களே உடைய ஆரம்பிக்கும். மண்ணெண்ணெய் கிணற்றிலும் குடிநீர்த் தொட்டியிலும் இறங்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, "மருந்து போட்டாச்சு" என்ற நிம்மதியில் அம்மா மறுபடி தரையில் படுப்பது.

ஆகாச கருடனை அம்மா ஆசைக்காகக் கட்டினோம். மயிலிறகும் வைத்தோம். அதன் பின்னாலேயே பல்லி முட்டை வைத்திருந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுச் சங்கிலி

கட்டுவிரியன் என்ன தின்னும் என்று தேடியபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அது எலி, பல்லி, தவளை தின்னும். ஆனால் அதற்கு முக்கியமான இரை மற்ற பாம்புகள். வீட்டுச் சுவர்களில் பல்லி தேடி வருகிற ஒரு சின்னப் பாம்பு இருக்கிறது, ஓநாய்ப் பாம்பு என்று புத்தகங்களில் சொல்கிறார்கள். விஷமில்லாதது, பார்க்கக் கிட்டத்தட்ட கட்டுவிரியன் மாதிரியே பட்டை பட்டையாக இருக்கும். அதையும் கட்டுவிரியன் விழுங்கும்.

இப்போது எங்கள் வாசலைப் பாருங்கள். கதவுக்கு நேர் மேலே ஒரு வெள்ளை எல்இடி விளக்கு, விடிய விடிய எரியும். விளக்குக்கு ஈசலும் பூச்சியும் வரும். பூச்சிக்குப் பல்லி வரும், கீழே விழுவதைத் தின்னத் தேரை வரும். பல்லிக்கும் தேரைக்கும் பாம்பு வரும், அந்தப் பாம்புக்குக் கட்டுவிரியன் வரும். ராத்திரி வெளிச்சம் இருந்தால் பாம்பு அண்டாது என்று நினைத்துத்தான் அந்த விளக்கையே போட்டிருந்தோம்!

கொல்லைப் பக்கம் இன்னொரு சங்கிலி. கோழிக்குப் போட்ட சோளம் மிச்சம் கிடக்கும். அதற்கு எலி வரும். எலிக்கு நல்ல பாம்பும் சாரையும் வரும். எங்கள் பக்கம் கரும்பும் மக்காச்சோளமும் நெல்லும் விளைகிற பூமி. அறுப்பு முடிந்ததும் கழனியில் இருந்த எலிக்குத் தானியம் இருக்கிற இடம் வீடுதான். மழை பெய்து வளைகளில் தண்ணீர் புகுந்தால் எலி, பாம்பு இரண்டுமே மேட்டைத் தேடி வரும். அந்த மேடு நம் வீட்டு அஸ்திவாரம்.

அந்த ராத்திரிக்கு முன்னால் எனக்குப் பாம்பு பற்றி யோசனையே இல்லை. என் சண்டையெல்லாம் பாத்ரூம் தவளைகளோடுதான். உப்பு போட்டேன், ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். தவளை தண்ணீரைத் தோல் வழியாக உறிஞ்சுகிற பிராணி, உப்பு அதன் உடம்பை எரிக்கும். செய்தது கொடுமை என்பதோடு பலனும் இல்லை. ஈரமும் பூச்சியும் அப்படியே இருந்ததால் ரெண்டு நாளில் வேறு தவளைகள் வந்தன. பாத்ரூமில் தவளை கூடுகிறது என்றால் அங்கே பாம்புக்குச் சாப்பாடு இருக்கிறது, நுழைய வழியும் இருக்கிறது. நான் அதை வெறும் தொந்தரவாக மட்டும் பார்த்தேன்.

தவளையை ஒழித்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக்கால் ஏராளமாக ஏற்றுமதியானது. வயலில் பூச்சியைத் தின்ன ஆள் இல்லாமல் போகிறது என்ற கவலையில் 1987ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. தவளை கழனியில் இருக்கட்டும், நம் படுக்கைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

நாங்கள் செய்தது

முதலில் விளக்கு. கதவுக்கு மேலே இருந்ததைக் கழற்றி, பத்தடி தள்ளி வேலிக் கம்பத்தில் மாட்டினோம். வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் பல்பு. மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும். தேவைப்படும்போது மட்டும் போடுகிறோம். முன்பு வாசல் சுவரில் ஏழெட்டு பல்லி நிற்கும், இப்போது ஒன்றோ இரண்டோ. இது என் வீட்டுக் கணக்கு மட்டும், ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது, சந்து அடைப்பது. அந்தக் கொத்து வேலை இதுதான். சுண்டு விரல் நுழைகிற ஓட்டை இருந்தால் குட்டிப் பாம்பு நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் தண்ணீர் வெளியே போகிற குழாய் வாயில் கம்பி சல்லடை வைத்தோம். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் எரவானத்தில் இருந்த இடைவெளியைப் பூசினோம். தரையில் இருந்த எலி வளைகளைக் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் போட்டு அடைத்தோம். கட்டுவிரியன் வந்தது பாத்ரூம் குழாய் வழியாகத்தான் என்று எனக்குச் சந்தேகம். கொத்தனார் எரவானம் என்கிறார். இரண்டையும் அடைத்துவிட்டதால் வாதத்தை விட்டுவிட்டோம்.

மூன்றாவது, ஒளிய இடம் தராதது. விறகு, வறட்டி, சோளத்தட்டை, பழைய ஓடு, செங்கல் எல்லாம் சுவரை ஒட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் வீட்டிலிருந்து தள்ளி, கல் மேல் பலகை போட்டு ஒரு முழ உயரத்தில் அடுக்கினோம். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பாம்பு அங்கே தங்க விரும்பாது, தங்கினாலும் கண்ணுக்குத் தெரியும். விறகு எடுக்கும்போது கையை விடாமல் முதலில் கோலால் தட்டுகிறோம். சுவரிலிருந்து மூன்றடிக்குப் புல் வளரவிடுவதில்லை. ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்த முருங்கைக் கிளையை வெட்டினோம்.

நான்காவது, சாப்பாடும் தண்ணீரும். கோழித் தீனியை சாயங்காலமே கூட்டி அள்ளிவிடுகிறோம். அரிசி, சோள மூட்டைகள் தகர டிரம்முக்குள் போய்விட்டன. பாத்ரூம் பின்னால் தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டினோம். தேங்கல் போனதும் தவளை தானாகவே குறைந்தது. உப்பு செய்யாததை மண்வெட்டி செய்தது.

செய்யக்கூடாதது இரண்டு. வேலிக்கு நைலான் மீன் வலை கட்டுகிறார்கள். அதில் பாம்பு மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் சாகும், அதை எடுக்கப் போகிறவருக்குக் கடி விழும். எலிக்கு வைக்கிற பிசின் அட்டையும் அப்படித்தான். எலியைத் தேடி வந்த பாம்பே அதில் ஒட்டிக்கொள்ளும்.

கட்டிலும் கொசுவலையும்

இவ்வளவு செய்தாலும் பாம்பே வராது என்று யாராலும் சொல்ல முடியாது. கூரை வீடும் ஓட்டு வீடும் நிறைந்த ஊரில் எல்லா சந்தையும் அடைக்க முடியாது, எல்லோரிடமும் கொத்தனாருக்குக் கொடுக்கக் காசும் கிடையாது. பணம் இருப்பது ஒரே ஒரு வேலைக்குத்தான் என்றால், நான் கட்டிலும் கொசுவலையும் வாங்குவேன்.

காரணம் கட்டுவிரியனின் குணம். பகலில் அது சாதுவாகச் சுருண்டு கிடக்கும். ராத்திரிதான் நடமாட்டம். அது கடிக்கிறவர்களில் பெரும்பாலோர் தரையில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள். தூக்கத்தில் புரளும்போது கடி விழும். வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். ராத்திரி தரையில் படுத்தவர் காலையில் காரணமில்லாமல் வயிற்று வலி என்று சொன்னால், இமை கனக்கிறது என்று சொன்னால், கடி அடையாளம் தேடி நேரம் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளி கிராமங்களில் ஒரு ஆய்வு நடந்தது. 2007ல் வெளிவந்த அதன் முடிவு, கொசுவலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்பது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகினால் தரையில் படுத்தால்கூட உதவும். டெங்கு கொசுவையும் கணக்கில் வையுங்கள். அது கடிப்பது பெரும்பாலும் பகலில்தான், ஆனால் பகலில் தூங்குகிற குழந்தைக்கும் அதே வலை உதவும்.

ராத்திரி வெளியே போனால் டார்ச், காலில் செருப்பு. காலையில் செருப்பையும் ஷூவையும் தட்டிவிட்டுப் போடுவது. செலவே இல்லாத பழக்கங்கள்.

கடித்துவிட்டால்

இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு 2020ல் வந்தது. 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக அது மதிப்பிடுகிறது. அதற்கு முன் 2011ல் வந்த ஆய்வில் இன்னொன்று இருந்தது: இறந்தவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் வீட்டிலும் வழியிலும் மந்திரிக்கிற இடத்திலும் போனவர்கள். மருந்து இருந்தும் அவர்கள் மருந்து வரை போய்ச் சேரவில்லை.

அந்த மருந்து வருகிற வழி நம் மாநிலத்தில்தான் தொடங்குகிறது. பாம்புத் தோல் வியாபாரம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நின்றுபோக, அதை நம்பியிருந்த இருளர்களுக்குப் பிழைப்பு போனது. 1978ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து முறிமருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே முறிமருந்து இந்த நான்கு பாம்புக்கும் சேர்த்துத்தான். அதனால் கடித்த பாம்பைத் தேடி அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையே இல்லை. அப்படித் தேடப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவது நடக்கிறது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல ஒரு குச்சி வைத்துக் கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கிளம்புங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். இறுக்கிய கட்டு காலையே கெடுத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். "சும்மா உக்கார வச்சிருக்காங்க" என்று நாம் கோபப்படுகிற அந்த இருபது நிமிஷம் ஒரு பரிசோதனை. கட்டுவிரியன் கடிக்கு மூச்சு இயந்திரம் தேவைப்படலாம். நாள்கணக்கில் அதில் இருந்துவிட்டு எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடி நச்சை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது அரசு, தனியார் மருத்துவமனை எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு கடியையும் கணக்குக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவ்வளவு முறிமருந்து வைப்பது என்று தெரியும். கல்வராயன் மலை கிராமங்களிலிருந்து கீழே இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

எல்லாம் பகையில்லை

சாரைப்பாம்பைப் பார்த்து அடிக்காதீர்கள். அதற்கு விஷம் கிடையாது, எலி தின்னும். சாரையும் நாகமும் பிணையும் என்பது கதை. நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்ப்பதுதான். "அரணை கடித்தால் மரணம்" என்பதும் எதுகைக்காக வந்தது போலிருக்கிறது, அரணைக்கு விஷமில்லை. பல்லியும் விஷமில்லை. ஆனால் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் சாப்பாட்டை மூடி வைப்பது நல்லது. தேரையைத் தொட்டால் மரு வராது. அதன் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியின் பால் கண்ணில் பட்டால் எரியும், கை கழுவினால் போதும்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் எல்லோரும் வெளியே வந்து, ஒருவர் மட்டும் தூரத்திலிருந்து அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். 101 அல்லது 112 அழையுங்கள். அடிக்கப் போகிறவருக்குத்தான் கடி விழும் வாய்ப்பு அதிகம். சட்டப்படியும் அது குற்றம்.

அம்மா இப்போது கட்டிலில், கொசுவலைக்குள் தூங்குகிறார். முதல் ஒரு வாரம், "என்னடா, பொணத்தை மூடுற மாதிரி மூடி வைக்கிற" என்று திட்டினார். இப்போது பிரச்சினை வேறு. வலை ஓரத்தை நான் சரியாகச் செருகவில்லை என்று ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விடுகிறார்.